சிவப்புக்கல்லின் ஒளி: மாணிக்க லேசரும் அது செய்த வேலைகளும்

சின்னம்மாவுக்குச் சலரோகம் வந்து இருபது வருடத்துக்கு மேல். போன வருடம் கண் கிளினிக்கில் விழித்திரையில் இரத்தக் கசிவு தெரிகிறது, லேசர் அடிக்க வேண்டும் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனது நான்தான். கண்மணி விரிய மருந்து விட்டு வாங்கிலில் இருத்தினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இருட்டறைக்குள் கூப்பிட்டு, நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியோடு சேர்த்து அழுத்தச் சொல்லி, கண்ணின் மேல் ஒரு சிறு வில்லையையும் பொருத்தினார்களாம். "அம்மா, நேர பாருங்கோ, அசையாதேங்கோ" என்ற வைத்தியரின் குரல் மட்டும் வெளியே எனக்குக் கேட்டது. கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே வந்த சின்னம்மா கேட்ட முதற் கேள்வி இது:

"லேசர் எண்டால் சிவப்பெல்லோ தம்பி? இது பச்சையாயெல்லோ மின்னினது. மாறிக்கீறி வேற மிசினால அடிச்சுப்போட்டினமோ?"

ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உலகில் முதன்முதல் எரிந்த லேசர் சிவப்புத்தான். மனிதக் கண்ணுக்குள் மருத்துவத்துக்காகப் போன முதல் லேசரும் அதே சிவப்புத்தான். அது ஒரு மாணிக்கக் கல்லிலிருந்து வந்தது. அந்தச் சிவப்பு ஏன் கண்ணை விட்டுப் போனது, அதன் இடத்துக்கு வந்த பச்சை எங்கிருந்து வந்தது என்று தேடினால், மருத்துவமும் பௌதிகவியலும் ஒன்றோடொன்று பின்னிய அறுபத்தைந்து வருடக் கதை கிடைக்கிறது.

கல்லிலிருந்து தொடங்க வேண்டும். மாணிக்கம் என்பது குருந்தம். அதாவது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே இல்லை. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் ஆங்காங்கே குரோமியம் புகுந்துகொண்டால் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் புகுந்தால் நீலம். இரத்தினபுரியின் சரளைக் குழிகளில் இரண்டும் கிடைக்கும். ஆங்கிலத்தில் இந்தப் பளிங்குக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர், குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்து போனது. வைரத்துக்கு அடுத்த கடினம் என்பதால் சாணைக்கல்லாக நம்மவர்கள் பாவித்த பொருளின் பெயரை, ஐரோப்பியர் கனிமவியல் நூலுக்குள் எடுத்துக்கொண்டார்கள். சிலப்பதிகாரத்து மதுரைக் கடைத்தெருவிலேயே மாணிக்கத்தின் வகைகள் பெயர் பெயராகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையில் இந்தக் கல் விளைவதில்லை. நமக்கு அது வருவது பத்தர் கையால்தான்.

கன்னாதிட்டியில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் மத்தியானம் கடைக்கதவை அரைவாசி சாத்திவிட்டு, மேசையில் மூன்று சிவப்புக் கற்களை வைத்து அந்த விளக்கைப் பிடித்தார். ஒன்று வெறும் கண்ணாடி. கறுத்துப் போய்க் கிடந்தது. இன்னொன்று கோமேதகம் என்று யாரோ விற்றுப்போன கல், அதுவும் மங்கல். மூன்றாவது தணல் போலச் சிவந்து எரிந்தது. "இதுதான் மாணிக்கம்" என்றார். உடனே திருத்திக்கொண்டார்: "ஆனா உலையில செய்த மாணிக்கம். மண்ணில விளைஞ்சது இவ்வளவு எரியாது." பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள்ளே இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள் ஓடின. 1902 இல் பிரான்சில் வெர்னூய் என்ற இரசாயனவியலாளர் வெளிப்படுத்திய முறையில், தூளைச் சுவாலையில் உருக்கித் துளித்துளியாக விழுத்தி வளர்த்த கல் என்பதற்கு அந்த வளைகோடுகள்தான் சாட்சி. மண்ணில் விளைந்த கல்லில் வரிகள் நேராக இருக்கும்.

அந்தத் தணல்தான் இந்தக் கட்டுரையின் மூலப்பொருள். விளக்கிலிருந்து விழுவது ஊதா. கல் திருப்பித் தருவது சிவப்பு. கல் அதைத் தெறிக்கவில்லை. உள்ளே இருக்கும் குரோமியம் ஊதாவையும் பச்சையையும் விழுங்கி, அந்தச் சக்தியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, 694.3 நனோமீற்றர் அலைநீளமுள்ள கடுஞ்சிவப்பாக வெளிவிடுகிறது. நம் பாடசாலைப் பௌதிகவியலில் இதைக் காலல் என்று படித்தோம். எவ்வளவு பொருத்தமான சொல்! உள்ளே போனதைப் பொருள் தானே கக்குகிறது. குரோமியத்தின் விசேஷம் அந்தக் 'கொஞ்ச நேரம்'. அணுக்களின் கணக்கில் அது நெடுநேரம்: ஆயிரத்தில் மூன்று செக்கன் அளவு. கல்லில் உள்ள குரோமியத்தில் பாதிக்கு மேற்பட்டவற்றை அதற்குள் ஒரே தடவையில் உசுப்பிவிட முடிந்தால், ஒன்று கக்கும் ஒளி பக்கத்தில் இருப்பதையும் கக்கவைக்கும், அது அடுத்ததை. எல்லாம் ஒரே திசையில், ஒரே நிறத்தில், ஒரே அடியெடுப்பில். தூண்டிய காலல் என்ற இந்தச் செயலை ஐன்ஸ்டைன் 1917 இலேயே கணக்கில் காட்டிவிட்டார்.

பாதிக்கு மேற்பட்டவற்றை உசுப்புவது லேசான வேலையல்ல. ஒளியால் இயங்கும் இத்தகைய கருவிக்கு 1958 இல் டவுன்ஸோடு சேர்ந்து வழிவகுத்த ஷாலோவே, மாணிக்கத்தின் இந்தச் சிவப்பு இதற்கு உதவாது என்று எண்ணினார். கலிபோர்னியாவின் மலிபுவில் ஹியூஸ் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த தியோடர் மைமன் அதை நம்பாமல் தானே அளந்து பார்த்தார். மாணிக்கம் விழுங்கிய ஒளியில் மிகக் கொஞ்சத்தையே சிவப்பாகத் தருகிறது என்று முன்பு வெளிவந்த அளவீடு பிழை என்று கண்டார். ஏறக்குறைய முழுவதையும் அது தருகிறது. புகைப்படக்காரர் பாவிக்கும் சுருள் வடிவப் பளிச்சு விளக்கு ஒன்றை வாங்கி, அதன் சுருளுக்குள் விரல்நுனி அளவு மாணிக்கக் கோல் ஒன்றைச் செருகினார். கோலின் இரு முனைகளுக்கும் வெள்ளிப் பூச்சு. ஒரு முனையில் ஒளி வெளியேற ஒரு சிறு துளை. 1960 மே 16 அன்று விளக்கு பளிச்சிட்டது, கோலிலிருந்து சிவப்பு பாய்ந்தது. அந்தக் கோலும் உலையில் வளர்த்ததுதான். அதில் குரோமியம் ஒட்சைட்டு நூற்றுக்கு 0.05 பங்கு மட்டும் இருந்ததால் கல்லின் நிறம் இளஞ்சிவப்பு. நம் பத்தர் அதை மாணிக்கம் என்று விலை போட்டிருக்கமாட்டார். மைமனின் கட்டுரையை அமெரிக்காவின் பேர்பெற்ற பௌதிகவியல் இதழ் ஒன்று திருப்பி அனுப்ப, அது 1960 ஆகஸ்டில் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் மிகச் சிறு குறிப்பாக வெளிவந்தது.

இனிக் கண். அதற்குக் கிரகணத்திலிருந்து வர வேண்டும். 2010 ஜனவரி 15 அன்று, தைப்பொங்கலை ஒட்டி, யாழ்ப்பாணத்துக்கு மேலால் கங்கண சூரிய கிரகணம் போனது. 2019 டிசெம்பர் 26 இல் இன்னொன்று வந்தது. இரண்டு முறையும் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைக் காத்தோம். அதே எச்சரிக்கைக்குப் பின்னால் உள்ள காயத்திலிருந்துதான் கண்ணுக்கு ஒளியால் மருத்துவம் பார்க்கும் எண்ணமே பிறந்தது. 1945 ஜூலை 9 கிரகணத்தைப் பார்த்துக் கண் சுட்டுக்கொண்ட ஒரு மாணவரை ஜேர்மனியக் கண் வைத்தியர் மேயர்-ஷ்விக்கராத் பரிசோதித்தார். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு தழும்பு. சூரியன் விழித்திரையை இப்படிச் சுட்டுத் தழும்பாக்கும் என்றால், கழன்றுவரும் விழித்திரையை அந்தத் தழும்பாலேயே ஒட்டலாமே என்று அவர் யோசித்தார். கூரையில் ஆடி வைத்து வெயிலைக் கீழே இறக்கி நோயாளியின் கண்ணுக்குள் விட்டார். முகில் மூடினால் சிகிச்சை இல்லை. ஆகவே அடுத்து வில்விளக்கு, பிறகு 1950களின் நடுவில் செனன் விளக்கு என்று மாறினார். செனன் ஒளி வேலை செய்ய ஒரு செக்கன் அளவு வேண்டும். அதற்குள் கண் அசையும், நோகும். எனவே கண்ணை ஊசி போட்டு மரக்கவைக்க வேண்டியிருந்தது.

மாணிக்க லேசருக்கு ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட வேண்டாம். அதற்குள் எந்தக் கண்ணும் அசையாது. மைமனின் விளக்கு பளிச்சிட்டு இரண்டு வருடம்கூட முழுதாகக் கழிந்திருக்கவில்லை. 1961 டிசெம்பரில் நியூயோர்க்கின் கொலம்பியா மருத்துவமனையில் சார்ள்ஸ் கம்பெல், பௌதிகவியலாளர் சார்ள்ஸ் கோஸ்டரோடு சேர்ந்து, ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை மாணிக்க லேசரால் சுட்டு அழித்தார். ஒரு பௌதிகக் கருவி ஆய்வுகூட மேசையிலிருந்து இவ்வளவு விரைவாக நோயாளியிடம் போனது அபூர்வம்.

இந்தச் சிவப்பின் குணத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. கண்ணின் முன்பாகங்களை அது தொடாமல் கடக்கும். விழித்திரைக்குப் பின்னால் மெலனின் என்ற கறுப்புப் பொருள் நிறைந்த ஒரு கலப்படை இருக்கிறது. நம் தோலுக்குக் கறுப்பைத் தருவதும் அதே மெலனின்தான். அந்தக் கறுப்பு சிவப்பை விழுங்கிச் சூடாகும். சூடு சுற்றிலும் பரவி விழித்திரையைப் பின்சுவரோடு ஒட்டவைக்கும். ஓட்டை விழுந்த விழித்திரைக்கு இது போதும். ஆனால் இரத்தம்? இராத்திரியில் ரோச் லைற்றை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். விரலிடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரியும். மற்ற நிறங்களை இரத்தம் விழுங்கிவிட, சிவப்பை மட்டும் அது போகவிடுகிறது. மாணிக்க லேசரும் அப்படியே இரத்தக் குழாயைக் கடந்து போய்விடும். கசியும் குழாயை அதனால் அடைக்க முடியவில்லை. சலரோகக்காரருக்கு அடைக்க வேண்டியதோ அந்தக் குழாய்களைத்தான்.

பொஸ்டனில் சலரோகத்துக்கென்றே பேர்பெற்ற ஜொஸ்லின் நிலையத்தில் வில்லியம் பீத்தம், லொயிட் ஐயெல்லோ என்ற இரு கண் வைத்தியர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். பழைய நோயாலோ காயத்தாலோ விழித்திரையில் பரந்த தழும்பு உள்ள சலரோகக்காரருக்கு, அந்தக் கண்ணில் மட்டும் சலரோகக் கெடுதி குறைவாக இருந்தது. அப்படியானால் வேண்டுமென்றே தழும்பை உண்டாக்கினால் என்ன? 1967 இல் அவர்கள் மாணிக்க லேசரை எடுத்து, குழாய்களைக் குறிவைக்காமல், விழித்திரையின் ஓரங்களெங்கும் நூற்றுக்கணக்கான சிறு சூடுகளைத் தூவிவிட்டார்கள். மாணிக்கம் நன்றாகச் செய்யத் தெரிந்த வேலை அதுதானே. புதிதாக முளைத்திருந்த கெட்ட குழாய்கள் பல கண்களில் சுருங்கின. 1969 இல் அதை வெளியிட்டார்கள். என் பார்வையில் மாணிக்க லேசர் மருத்துவத்துக்குத் தந்த ஆகப்பெரிய கொடை இதுதான். கருவி பிறகு மாறியது. தூவிச் சுடும் முறை மாறவில்லை. சின்னம்மாவின் கண்ணுக்குள் போன வருடம் நடந்ததும் அந்த முறைதான்.

ஏன் அது பலிக்கிறது என்பது பின்னர்தான் தெளிந்தது. சலரோகத்தால் நுண்குழாய்கள் அடைபட, விழித்திரை ஒட்சிசனுக்குத் தவித்து, புதுக் குழாய் வேண்டும் என்று இரசாயனக் குரல் கொடுக்கிறது. அவசரத்தில் முளைக்கும் அந்தக் குழாய்கள் நொய்ந்தவை. உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். ஓரப் பகுதிகளைச் சுட்டுவிட்டால் ஒட்சிசன் தேவை குறைந்து குரலும் அடங்கும். நடுப்பார்வையைக் காக்க ஓரப்பார்வையில் கொஞ்சத்தைக் கொடுக்கிறோம். இரவில் தெரிவதும் கொஞ்சம் குறையலாம். இதை நோயாளிக்கு விளங்கச் சொல்ல வேண்டும். லேசர் அடித்தும் பார்வை கூடவில்லையே என்று சலித்து, அடுத்த கிளினிக்குக்கு வராமல் விடுபவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இழந்த பார்வையைத் திருப்பித் தருவது இந்தச் சிகிச்சையின் வேலையே அல்ல, இருப்பதைக் காப்பதுதான். 1848 இல் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கிய சாமுவேல் கிறீன், மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்து, அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று தமிழில் நூல்களும் வெளியிட்டார். அந்த மண்ணில், ஒரு நோயாளிக்கு அவருடைய கண்ணைப் பற்றித் தமிழில் விளக்கமாகச் சொல்வது முடியாத காரியமல்ல.

1968 இல் நியூயோர்க்கில் பிரான்சிஸ் லெஸ்பரன்ஸ், ஆகன் வாயு லேசரை மனிதக் கண்ணில் பாவிக்கத் தொடங்கினார். அதன் ஒளி நீலப்பச்சை. இரத்தமும் அதை விழுங்கும், மெலனினும் விழுங்கும். ஒரே பாய்ச்சலாக வெடிக்காமல், வேண்டிய நேரம் வேண்டிய அளவில் ஓடும். அதோடு கண் வைத்தியத்தில் மாணிக்கத்தின் காலம் முடிந்தது. 1970களில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில் ஆகன் லேசரும் செனன் விளக்கும் சோதிக்கப்பட்டன. தூவிச் சுடும் முறை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976 இல் முடிவு வந்தது. இன்று ஆகனும் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் கண்ணில் அடிப்பது 532 நனோமீற்றர்ப் பச்சை. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பௌதிகவியலுக்குப் போகும்போது சொல்கிறேன். சின்னம்மாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் தோல். இது நம்மவர்க்கு நேரடியாகப் பட்ட விஷயம் என்பதால் விரைந்து கடக்க மனமில்லை. சின்சினாட்டியைச் சேர்ந்த தோல் வைத்தியர் லியொன் கோல்ட்மன், 1960களின் தொடக்கத்திலேயே மாணிக்க லேசரைத் தோலில் சோதித்தார். வெள்ளைத் தோலைவிடக் கறுத்த தோலும், கறுத்த மயிரும் அந்த ஒளியால் அதிகம் சுடுபடுவதைக் கண்டார். கறுப்பைத் தேடிச் சுடும் குணம் இங்கேயும் வெளிப்பட்டது. பச்சை குத்தியதை அழிக்கவும் அவர் அதைப் பாவித்தார். 1983 இல் ரொக்ஸ் அண்டர்சனும் ஜோன் பரிஷும் இதை ஒரு முறையான கோட்பாடாக்கினார்கள்: எந்தப் பொருளைச் சுட வேண்டுமோ அது விழுங்கும் நிறத்தைத் தெரிவு செய்து, அந்தப் பொருளின் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவுமுன் ஒளியை நிறுத்திவிட்டால், அதை மட்டும் அழிக்கலாம். பத்துக் கோடியில் சில செக்கன் மட்டுமே நீளும் மாணிக்கத் துடிப்புகள் பச்சைக்குத்தின் கறுப்பு, நீல மைகளை நொறுக்கின. பிறகு உடம்பின் கலங்கள் அந்தத் துகள்களை அள்ளிக்கொண்டு போயின. ஆசிய மக்களில் சிலருக்குக் கண்ணைச் சுற்றிப் பிறவியிலேயே வரும் நீலக்கறை ஒன்று உண்டு. ஒட்டா என்ற யப்பானிய வைத்தியரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. தோலின் ஆழத்தில் கிடக்கும் அந்தக் கறையைத் தழும்பில்லாமல் வெளுக்கவைத்த முதற் கருவிகளில் மாணிக்க லேசர் ஒன்று. யப்பானில் இன்றும் அது பாவனையில் இருக்கிறது. 1990களில் மயிர் அகற்றவும் அது வந்தது.

ஆனால் அந்த மயிர் அகற்றும் வெற்றி வெள்ளைத் தோலில் கறுத்த மயிர் உள்ளவருக்குக் கிடைத்தது. தோலும் கறுப்பு, மயிரும் கறுப்பு என்றால் ஒளிக்கு வித்தியாசம் தெரியாது; மேற்தோலிலேயே நின்று சுட்டுவிடும். கொப்புளம், பிறகு கறுப்போ வெள்ளையோ படைகள். நம் தோலுக்கு மெலனின் குறைவாக விழுங்கும் நீண்ட அலைநீளம் வேண்டும். 1064 நனோமீற்றர் அகச்சிவப்பு லேசர் அப்படியானது. குடாநாட்டில் கலியாணத்துக்கு முதல் முகத்துக்கு லேசர் செய்யக் கேட்கும் பிள்ளைகளை நான் காண்கிறேன். என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த அலைநீளம், இதற்கு முன் இதே நிறத் தோலுக்குச் செய்திருக்கிறார்களா, முதலில் காதுக்குப் பின்னால் ஒரு இடத்தில் அடித்துக் காட்டிச் சில கிழமை பார்ப்பார்களா என்று கேட்பவரைக் காணவில்லை. விலையைவிட அவைதான் முக்கியம். வெள்ளைத் தோலுக்கு வந்த வெற்றியை நம் தோலுக்கு அப்படியே எழுதிக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1967 இல் புடாபெஸ்ரில் என்ட்ரே மெஸ்டர், மயிர் வழித்த எலிகளின் தோலில் மிகக் குறைந்த வலுவில் மாணிக்க ஒளியை விட்டுப் பார்த்தார். கெடுதி ஒன்றும் வரவில்லை. மயிர் விரைவாக முளைத்தது. மெல்லிய ஒளியால் புண் ஆற்றும் துறை அதிலிருந்து கிளைத்தது. சில பயன்கள் நிறுவப்பட்டவை. விளம்பரத்தில் சொல்லப்படுபவை அதைவிட மிக அதிகம்.

பௌதிகவியலில் மாணிக்கத்தின் கதை வேறு விதமாக ஓடுகிறது. அங்கே அது பாய்ச்சும் பெரும் வலுதான் வேண்டியிருந்தது. 1961 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பிராங்கனும் கூட்டாளிகளும் மாணிக்க ஒளியைப் படிகக்கல் ஒன்றில் குவித்தார்கள். உள்ளே போனது 694.3 நனோமீற்றர்ச் சிவப்பு. வெளியே, அந்தச் சிவப்போடு, அதன் சரியான பாதி அலைநீளத்தில் 347.2 நனோமீற்றரில் புறஊதா ஒரு பொட்டளவு வந்தது. இரண்டு ஒளித்துகள்கள் ஒன்றாகிவிட்டன. சாதாரண விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் இது நடக்காது. ஒளி அவ்வளவு செறிவாக இருந்தால்தான் பளிங்கின் இலத்திரன்கள் தாளம் தப்பி இரட்டை அதிர்வில் ஆடும். சான்றாக அவர்கள் அனுப்பிய படத்தில் ஒரு சின்னஞ்சிறு புள்ளி இருந்தது. அதைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று நினைத்து இதழின் பதிப்பாளர்கள் துடைத்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கட்டுரையில் அம்புக்குறி வெறும் இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது.

துடைக்கப்பட்ட அந்தப் புள்ளியிலிருந்துதான் சின்னம்மாவின் பச்சை வந்தது. இன்றைய கண் லேசருக்குள் முதலில் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத 1064 நனோமீற்றர் அகச்சிவப்பு. அதை ஒரு பளிங்குக்குள் செலுத்தி இரண்டு துகளை ஒன்றாக்கினால் அலைநீளம் பாதியாகும்: 532, பச்சை. பிராங்கன் மாணிக்கத்தைக்கொண்டு கண்ட அதே இரட்டிப்பு. மாணிக்கத்துக்கு இரத்தத்தைச் சுடத் தெரியவில்லை. சுடத் தெரிந்த பச்சைக்கு வழியைத் திறந்தது அதே மாணிக்கம்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928 பெப்ரவரி 28 இல் கல்கத்தாவில் கண்டுபிடித்த விளைவுக்கும் மாணிக்கம் ஒரு மறுபிறப்புக் கொடுத்தது. திரவத்தில் விழும் ஒளியில் கோடியில் ஏதோ ஒரு துகள் நிறம் மாறி வருகிறது என்பது ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது. அதைப் படம் பிடிக்க அன்று நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். 1962 இல் ஹியூஸ் ஆய்வுகூடத்தில் எரிக் வூட்பரியும் வொன் இங்கும் மாணிக்கத் துடிப்பைச் சுருக்க நைத்திரோபென்சீன் நிரப்பிய கலம் ஒன்றைப் பாவித்தார்கள். அளந்தபோது 767 நனோமீற்றரில் யாரும் எதிர்பாராத இன்னொரு ஒளி வந்தது. அது ராமன் விளைவுதான். ஆனால் கோடியில் ஒன்றாக அல்ல, கற்றையாகவே, லேசராகவே. ராமன் 1970 வரை இருந்தவர். தன் கண்டுபிடிப்பு இப்படிப் பெருகியதை உயிரோடிருந்தே கண்டார்.

பனிப்போர்க் காலத்தில் நடந்தது இன்னொன்று. மொஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிறுவனத்தில் டி-3 என்ற தொகாமக் வகை அணு இணைவுக் கருவியில் வாயுவை ஒரு கோடிப் பாகையளவுக்குச் சூடாக்கிவிட்டோம் என்றார்கள் சோவியத் அறிஞர்கள், மேற்கில் நம்பவில்லை. 1969 இல் இங்கிலாந்தின் கல்ஹாமிலிருந்து ஒரு குழு தன் மாணிக்க லேசரையும் மற்றக் கருவிகளையும் மொஸ்கோவுக்கே கொண்டுபோனது. வாயுவுக்குள் சிவப்பைப் பாய்ச்சினார்கள். இலத்திரன்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றனவோ அவ்வளவுக்குச் சிதறும் ஒளியின் நிறம் அகலும். ஏறக்குறைய ஒரு கோடி பாகை. சொன்னது மெய்தான். அணு இணைவு ஆய்வில் உலகம் முழுவதும் தொகாமக்கின் பக்கம் திரும்பியது அந்த அளவீட்டுக்குப் பிறகு.

அதே 1969 இல் அப்பலோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் நூறு மூலைக் கண்ணாடிகள் பதித்த ஒரு பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பும் கண்ணாடிகள். ஆகஸ்ட் 1 அன்று கலிபோர்னியாவின் லிக் வான்காட்சி நிலையம் மாணிக்கத் துடிப்பை அனுப்பித் திரும்பி வந்ததைப் பிடித்தது. பிறகு டெக்சாசின் மக்டொனால்ட் நிலையம் மாணிக்கத்தாலேயே வருடக்கணக்காக அளந்தது. போய் வர இரண்டரைச் செக்கன். சந்திரனை எட்டும்போது கற்றை சில கிலோமீற்றர் அகலமாகிவிடும். திரும்பி வருவது ஒளித்துகள் ஒன்றோ இரண்டோ, பல துடிப்புகளில் ஒன்றுமே இல்லை. அப்படி எண்ணி எண்ணிச் சேர்த்த கணக்கால்தான் சந்திரன் வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் நம்மை விட்டு விலகுகிறது என்பதும், பூமியும் சந்திரனும் சூரியனை நோக்கி ஒரே அளவில் விழுகின்றன, ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்பதும் உறுதியாயின. 1980களின் நடுவில் அங்கேயும் மாணிக்கம் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்தது 532 நனோமீற்றர்ப் பச்சை. சந்திரனை அளக்கும் பச்சையும் சின்னம்மாவின் கண்ணுக்குள் மின்னிய பச்சையும் ஒரே நிறம்.

மாணிக்கம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 1967 இல் உயிரோடு மூச்சுவிடும் மனிதரின் முதல் முப்பரிமாண ஒளிப்பதிவை எடுத்தது அதன் துடிப்புத்தான். லேசராக இல்லாமல் வெறும் கல்லாகவும் அது உழைக்கிறது. இரண்டு வைரங்களுக்கு நடுவே பொருளை நசுக்கி, பூமியின் வயிற்றில் உள்ள அமுக்கத்தை மேசையில் உண்டாக்கும் ஆய்வுகூடங்களில், அந்த அமுக்கத்தை அளக்க ஒரு துணுக்கு மாணிக்கத்தை உள்ளே போடுகிறார்கள். நெருக்க நெருக்க அதன் 694.3 வரி நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அமுக்கம் தெரியும். 1970களில் வந்த அந்த முறை இன்றும் நடக்கிறது.

இதையெல்லாம் சின்னம்மாவுக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. சந்திரன் விலகுகிறது என்றதை அவ நம்பவேயில்லை. அடுத்த முறை யாழ்ப்பாணம் போனபோது கன்னாதிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தர் கதவைச் சாத்திவிட்டு, அவவின் சிவப்புக்கல்லுத் தோட்டைக் கழற்றி வாங்கி, ஊதா விளக்கைப் பிடித்தார். கலியாணத்துக்குப் போட்ட தோடு. ஒரு கல்லைத் தவிர மற்றவையெல்லாம் தணலாக எரிந்தன.

"முந்தி இந்த வெளிச்சத்தைத்தானோ கண்ணுக்குள்ள அடிச்சவை?"

"ஓம் சின்னம்மா. இதேதான்."

அவ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எரியாத அந்த ஒற்றைக் கல்லைத் தொட்டு, இது எப்ப மாத்தினது என்று பத்தரைக் கேட்டா.